15 நிமிடத்தில் நின்றுவிடும் பழைய சி70: குற்றம் கார்புரேட்டரிலா, பாயிண்டிலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தம்பி, தாத்தா பால்வெட்டுக்கு ஓட்டிய ஹோண்டா சி70-ஐப் பல வருடம் கழித்து வெளியே எடுத்திருக்கிறார். 6 வோல்ட், பாயிண்ட் (பொறி வர மின்சாரத்தை வெட்டிவிடுகிற சிறு சுவிட்ச்) வைத்த மாடல். காலையில் ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் பிடிக்கிறது. 15 நிமிடம் நன்றாக ஓடி, ஈஜோக் போய்ச் சேர்வதற்குள் பாதி த்ராட்டிலில் திக்கித் திக்கி அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. பிளக் முழுக்கக் கரி. ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள், இன்னொரு கடையில் ஹோண்டா இஎக்ஸ்5 என்ற வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். குறை அப்படியே இருக்கிறது. "அண்ணே, பேசாமல் சிடிஐ-க்கு (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு) மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களில் முக்கியமானது கரி பிளக் இல்லை. சூடானால் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியம். பெட்ரோல் கோளாறு அப்படி மணி அடித்தாற்போல் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வருவது குறைவு. பாயிண்ட்டிலேயே பொறி வெட்டாமல் காக்கிற கண்டென்சரும், பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். கரி பிளக்கைப் பார்த்ததும் கார்புரேட்டர் மேல் பழி போடுவது எல்லாக் கடையிலும் நடக்கிற தவறு. தீப்பொறி பலவீனமாக இருந்தால் பெட்ரோல் முழுசாக எரியாது, எரியாத பெட்ரோல் பிளக்கில் கரியாகப் படியும். கார்புரேட்டர் சரியாக இருந்தாலும் பிளக் கறுக்கும்.

பேட்டரியை மாற்றியது வீண் செலவு. கிக்கர் மட்டும் உள்ள 6 வோல்ட் சி70-இல் தீப்பொறிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. மேக்னெட்டுக்கு, அதாவது எஞ்சினோடு சுற்றுகிற காந்தச் சக்கரத்துக்கு, உள்ளே இருக்கிற சிறிய காயில்தான் இக்னிஷனுக்கு மின்சாரம் தருகிறது. பேட்டரி ஹார்னுக்கும் சிக்னலுக்கும்தான். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் இந்த மோட்டார் ஓட வேண்டும்.

முதல் வேலை, வண்டி சாகும்போதே கையும் களவுமாகப் பிடிப்பது. 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனரும் ஒரு நல்ல பிளக்கும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அணைந்த உடனே, ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். துணியால் பிடித்துக் கழற்றுங்கள், கை சுட்டுவிடும். கொண்டுவந்த பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் இரும்பு உடலை எஞ்சின் துடுப்பில் நன்றாக அழுத்தி உதையுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து பீய்ச்சுகிற பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். வெயிலில் பொறி சரியாகத் தெரியாது, நிழலில் பாருங்கள். நீலமாக, 'சடக்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் இக்னிஷன் நல்லது, பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ கார்புரேட்டரைத் தொட வேண்டாம். வீட்டுக்கு வந்து, ஆறிய எஞ்சினில் இதையே செய்து பார்த்துப் பலன் இல்லை. அப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அதே இடத்தில் இன்னொன்றும் பாருங்கள். பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா? இழுத்தால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. சூட்டுக் கோளாறு மாதிரியே ஏமாற்றுகிற பெட்ரோல் கோளாறு இது. டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் வண்டி நிற்கும், கொஞ்ச நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து மறுபடி ஓடும். மூடியைக் கழுவி ஊதினால் போதும்.

பொறிதான் குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். என் கணிப்பும் அதுதான். இனி வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் வால்வு, பிறகு பாயிண்ட், பிறகு கண்டென்சர், கடைசியில் கார்புரேட்டர். இந்த வரிசை மாறினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மறைத்துக்கொண்டே போவீர்கள்.

வால்வு இடைவெளி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். முதல் நாள் இரவே நிறுத்திய வண்டியில் காலையில் பாருங்கள். கியர் பெடலைக் கழற்றி இடது மூடியை எடுத்தால் மேக்னெட் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னெட்டை இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை எஞ்சின் உடலில் உள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வு ஆர்மும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. 0.05 மில்லிமீட்டர் அளவுத் தகடு லேசான பிடிப்போடு போய்வர வேண்டும். ஓடி ஓடி வால்வு தன் இருக்கைக்குள் இறங்கியிருந்தால் இடைவெளி குறைந்துபோயிருக்கும். காலையில் ஏழெட்டு உதை கேட்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்தது பாயிண்ட். இங்கேதான் நிதானம் வேண்டும்.

மேக்னெட்டின் முகத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும். பாயிண்ட்டை அதன் வழியாகவே பார்க்கலாம், சரிசெய்யலாம். இடைவெளி பார்க்க மட்டும் மேக்னெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மெல்லச் சுற்றி, பாயிண்ட் மிக அகலமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தித் தகடு வையுங்கள். 0.3-லிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன் தொடும் முகங்களைப் பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சாம்பல் நிறப் படலம் பிடித்திருக்கும். 600 நம்பர் மணல்தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, நடுவே வைத்து நாலைந்து தடவை இழுங்கள். பிறகு தின்னரில் நனைத்த கெட்டியான வெள்ளைத் தாளை அதே மாதிரி இழுங்கள், தாளில் கறுப்பு வராத வரைக்கும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மணல்தாளின் தூளும் விரல் எண்ணெயும் நடுவில் நின்றால் பொறி வராது. புதுப் பாயிண்ட் போட்டாலும் கழுவ வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். 'புதுசு போட்டும் பொறி இல்லை' என்பதற்குப் பாதி காரணம் அந்தப் பூச்சு.

பாயிண்ட்டின் ஒரு முகத்தில் சிறு மேடு, எதிர் முகத்தில் சிறு குழி என்று இருந்தால் அதைத் தேய்த்து மறைத்துவிடாதீர்கள். அது ஒரு வாக்குமூலம். ஒரு முகத்து உலோகம் பெயர்ந்து மற்றதில் ஒட்டியிருக்கிறது. கண்டென்சர் கெட்டிருக்கிறது, அல்லது அளவு தவறானது என்று பொருள்.

இடைவெளி சரியானதும் நேரம் பார்க்க வேண்டும். 'டி' குறிக்குச் சற்று முன்னால் 'எஃப்' என்று ஒரு குறி இருக்கும். மேக்னெட்டை இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டு வரும்போது, 'எஃப்' கோட்டுக்கு நேராக வருகிற அதே கணத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இதைக் கண்ணால் கணிக்க முடியாது. சிகரெட் சுருட்டுகிற மெல்லிய தாளில் ஒரு துண்டை பாயிண்ட் நடுவே வைத்து, லேசாக இழுத்தபடியே மேக்னெட்டைச் சுற்றுங்கள். தாள் எந்த இடத்தில் விடுபட்டு வருகிறதோ அதுதான் திறக்கும் இடம். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேக்னெட்டுக்குள் உள்ள காயில் பாயிண்ட்டுக்குப் பக்கவாட்டில் இணைந்திருப்பதால், பாயிண்ட் திறந்தாலும் மீட்டர் 'திறந்திருக்கிறது' என்று காட்டாது. மிகக் குறைந்த ஓம்ஸ் அளவில் வைத்தால் சின்ன அசைவுதான் தெரியும். பஸர் சத்தத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். எனக்குத் தாள்தான் நம்பிக்கை.

தாள் 'எஃப்' வருவதற்கு முன்பே விடுபட்டால் நேரம் முந்துகிறது, இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். 'எஃப்' தாண்டி விடுபட்டால் பிந்துகிறது, இடைவெளியைக் கூட்டுங்கள். இந்த எஞ்சினில் காயில் தட்டைத் திருப்பி நேரம் வைக்கும் வசதி இல்லை. இடைவெளிதான் நேரம், நேரம்தான் இடைவெளி. அதனால் 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் வைத்து 'எஃப்' பொருந்தவில்லை என்றால் பாயிண்ட்டின் குதி, அதாவது கேமில் உரசுகிற அந்தப் பழுப்புத் துண்டு, தேய்ந்துவிட்டது. புதுப் பாயிண்ட்தான் வழி. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மேக்னெட்டில் நேரம் தவறினால் பொறியின் பலமும் போய்விடும். காந்தம் காயிலைக் கடக்கும்போது மின்னோட்டம் ஏறி ஓர் உச்சத்துக்கு வரும். பாயிண்ட் அந்த உச்சத்தில் திறந்தால்தான் நல்ல பொறி. வேகமாகச் சுற்றும்போது சிறு தவறு தெரியாது. உதைக்கும்போது மேக்னெட் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அப்போது தெரிந்துவிடும். உங்கள் வண்டி காலையில் முரண்டு பிடிப்பதற்கு முதல் சந்தேகம் எனக்கு இங்கேதான்.

மேக்னெட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி மாறும், எந்த அளவு வைத்தாலும் நிற்காது. பாயிண்ட் மேல் எஞ்சின் எண்ணெய் படிந்திருந்தால் கிராங்க்கின் இடது எண்ணெய் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் பாயிண்ட்டைக் கழுவுவது பிரயோஜனம் இல்லாத வேலை.

இப்போது கண்டென்சர். என் கணிப்பில் உங்கள் 15 நிமிடத்துக்குக் காரணம் இதுதான். அது மேக்னெட்டுக்கு உள்ளே, எஞ்சின் சூடு நேராக ஏறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சுற்றியிருக்கிற காப்புத் தாள் காலத்தால் பலவீனமாகி, சூடேறியதும் மின்சாரத்தைக் கசியவிடும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், விடியற்காலை இருட்டு நல்லது. பாயிண்ட்டில் ஊசிமுனை அளவு நீலப் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை. பளிச் பளிச் என்று வெளிச்சமாக வெட்டினால் கண்டென்சர் செத்துக்கொண்டிருக்கிறது. அளக்கும் மீட்டர் இருந்தால் 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை இருக்க வேண்டும். ஆனால் ஆறிய கண்டென்சர் சரியான அளவைக் காட்டிவிட்டு, சூட்டில் கைவிடும். அளவு சரி என்பதற்காக அதை விடுதலை செய்துவிடாதீர்கள்.

மாற்றுவதற்கு மேக்னெட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்குரிய புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, இல்லாமல் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் பலவீனமாகும், கிராங்க் முனை வளையும். பழைய கண்டென்சர் என்று விற்கிற பலவும் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தவை. அதனால் நான் சொல்வது இது: உள்ளே இருப்பதைத் துண்டித்துவிட்டு, பாயிண்ட் வைத்த காருக்குப் போடுகிற, 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை உள்ள நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியே, இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் ஒயர் பாயிண்ட்டிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரோடு சேர வேண்டும். அதன் உடல், பெயின்ட் சுரண்டிய சட்டத்தில் போல்ட்டால் இறுக வேண்டும். பெயின்ட் மேலேயே வைத்து இறுக்கினால் எர்த் கிடைக்காது. எஞ்சின் சூடு எட்டாத இடம் அது. அடுத்த தடவை மாற்றுவதும் ஐந்து நிமிட வேலை.

அப்படியும் சூட்டில் நின்றால் காயில்களைப் பாருங்கள். மீட்டரில் ஆறிய நிலையில் ஓர் அளவு, வண்டி அணைந்த உடனே ஓர் அளவு. சூட்டில் ஓம்ஸ் கொஞ்சம் கூடுவது இயற்கை. எகிறிக் குதித்தாலோ சட்டென்று குறைந்தாலோ அந்தக் காயில் போய்விட்டது. பிளக் தொப்பியை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி, ஒயர் முனையில் 5 மில்லிமீட்டர் வெட்டி, பளபளப்பான செம்பு தெரிய மறுபடி திருகுங்கள். ஈரப்பதம் அதிகமான நம் ஊரில் அந்த முனை பச்சை பிடித்துக் கிடக்கும். சாவிக்குப் போகும் ஒயரையும் மறக்காதீர்கள். இந்த வண்டியில் சாவியை அணைப்பது என்றால் பொறியை எர்த்துக்குத் திருப்பிவிடுவது. சாவி சுவிட்ச் உள்ளே ஈரம் இருந்தால் ஓடும்போதே பொறியைத் தின்னும். சந்தேகம் வந்தால் அந்த ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அணைக்க, பெட்ரோல் திருகை மூடிவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். கிளட்ச் தானியங்கி என்பதால் கியரில் பிரேக்கை அழுத்தி இந்த வண்டியை அணைக்க முடியாது.

பிளக் என்ஜிகே சி7எச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7. பெயரில் 'ஆர்' சேர்ந்தது ரெசிஸ்டர் பிளக். தொப்பியிலும் ரெசிஸ்டர் இருந்தால் இரண்டும் சேர்ந்து பலவீனமான 6 வோல்ட் பொறியை இன்னும் இளைக்க வைக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். இஎக்ஸ்5 எஞ்சின் 97 சிசி, உங்களுடையது 72 சிசி. அதன் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடுகிற துளை, எல்லாம் பெரிய வயிற்றுக்கு அளந்து போட்டது. உங்கள் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகி, ஏற்கனவே கறுத்த பிளக் இன்னும் கறுக்கும். பழைய கெய்ஹின் கார்புரேட்டரை அந்தக் கடையில் கேட்டு வாங்குங்கள். அதன் பித்தளை ஊசியும் ஜெட்டும் அந்த எஞ்சினுக்கென்றே தேர்ந்தெடுத்தவை. இப்போது கிடைக்கிற ரிப்பேர் கிட்டில் ரப்பர் வளையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அசல் பித்தளையைக் கழுவித் திரும்பப் போடுங்கள். கிட்டில் வரும் ஊசியின் சரிவு பல சமயம் வேறாக இருக்கும்.

கழற்றும்போது ஒன்று: இந்த மாடலில் பெட்ரோல் குழாய்த் திருகு கார்புரேட்டர் உடலிலேயே இருக்கிறது, டாங்கியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய் வரும், ஒன்று மெயின், ஒன்று ரிசர்வ். குழாயைப் பிடுங்கினால் டாங்கி முழுவதும் தரையில்தான். முதலில் இரண்டையும் கிளிப்பால் நெரித்துக்கொள்ளுங்கள். திருகுக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணமும் வலையும் இருக்கும். வருடக்கணக்கில் நின்ற டாங்கியின் துருவெல்லாம் அங்கேதான் சேரும்.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, மெல்லிய தூண்டில் நரம்பை விட்டு எடுத்து, காற்றடியுங்கள். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்தால் நடுவில் வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் பழைய பெட்ரோல் கோந்து ஒட்டியிருக்கிறது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே தண்ணீர் மாதிரி சத்தம் கேட்டால் ஓட்டை. மிதவை ஊசியின் முனையில் நகத்தால் தடவினால் வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். மிஞ்சி இறுக்கி இறுக்கி அது வில்லாக வளைந்திருக்கும். கண்ணாடி மேல் 400 நம்பர் தாள் விரித்து எட்டு போடுவது போல் தேய்த்தால் சமமாகும். பிறகு புது ஓ-ரிங். ஸ்லைடைப் போடும்போது வெட்டு விழுந்த பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடுகிற வண்டி என்பதால் ஏர் ஃபில்டரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். அடைபட்ட ஃபில்டரை வைத்துக்கொண்டு கார்புரேட்டர் திருகைத் திருப்புவது, அடைபட்ட ஃபில்டருக்கு ஏற்றபடி கார்புரேட்டரைக் கெடுப்பதுதான்.

ட்யூனிங், எஞ்சின் 10 நிமிடம் ஓடிச் சூடான பிறகு. காற்றுத் திருகை மெல்ல உள்ளே, தட்டும் வரை, விடுங்கள். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஐட்லிங் திருகைக் கொஞ்சம் ஏற்றிவைத்துக்கொண்டு, காற்றுத் திருகைக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காதால் பிடியுங்கள். பிறகு ஐட்லிங்கை இறக்கி இன்னொரு தடவை. நல்ல இடம் அரைச் சுற்றுக்கும் உள்ளே கிடைத்தால் பைலட் ஜெட் அடைப்பு அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. இரண்டரைச் சுற்றுக்கு வெளியே போனால் பெட்ரோல் அதிகம், மிதவை மட்டத்தைப் பாருங்கள்.

பாதி த்ராட்டிலில் திக்குவதற்கும் காற்றுத் திருகுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தத் திருகு ஐட்லிங்கிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் பேசும். கால் த்ராட்டிலிலிருந்து முக்கால் வரை ஊசியின் ராஜ்ஜியம், அதற்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே போட்டால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும், மேலே போட்டால் குறையும். கைப்பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். அரைக் கோட்டில் சூடான எஞ்சின் திக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் அதிகம். கிளிப்பை நடுவில் வைத்தும் அதிகமாகவே இருந்தால் ஊசி உரசி உரசி அதன் ஜெட் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும்.

சிடிஐ பற்றிக் கேட்டீர்கள். பின்னாளில் வந்த சி70-இல் 12 வோல்ட் சிடிஐ உண்டு, அது நல்ல அமைப்பு, பாயிண்ட் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. மேக்னெட், உள்காயில் தட்டு, இக்னிஷன் காயில், ஒயரிங், பல்புகள் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு கண்டென்சரும் ஒரு பாயிண்ட்டும் தீர்த்துவைக்கிற குறைக்கு அது தேவையில்லை. முதலில் அந்தக் கடைக்குப் போய்ப் பழைய கெய்ஹினைக் கேளுங்கள், பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போவதற்குள்.